பெருஞ்செல்வமா, நிலைத்த மகிழ்ச்சியா: ஒரு கொழும்புக் கணக்கு

பெருஞ்செல்வம் வேண்டுமா, நிலைத்த மகிழ்ச்சி வேண்டுமா என்று கொழும்பில் ஒரு தமிழரைக் கேட்டுப் பாருங்கள். "சந்தோசம்தான்" என்று உடனே பதில் வரும். அதே ஆள் அன்று பின்னேரமே சந்தியில் ஒரு லொத்தர் சீட்டை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் சரியில்லை. இரண்டையும் இரண்டு தட்டில் வைத்து, ஒன்றை எடுத்துக்கொள் என்று நமக்கு யாரும் நீட்டுவதில்லை. நம் முன்னால் வந்து நிற்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். இருக்கிற வேலையை விட்டு வியாபாரத்தில் இறங்குவதா? வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுப்பதா? மனைவி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போவதா? வெள்ளவத்தைச் சின்ன வீட்டோடு இருப்பதா, தூரமாக ஒரு பெரிய வீட்டை வாங்கிவிட்டுத் தினமும் ட்ராபிக்கில் நிற்பதா? செல்வமும் மகிழ்ச்சியும் இவற்றுக்குள்தான் கலந்து கிடக்கின்றன. ஆகவே ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது.

கற்பனை ஆள்தான். வயது 42. ஒரு கொம்பனியில் கணக்காளர். சம்பளம் மாதம் இரண்டரை இலட்சம். வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீடு, கடன் கட்டி முடிந்துவிட்டது. மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. இரண்டு பெண் பிள்ளைகள். மனைவியின் தம்பி புறக்கோட்டையில் இறக்குமதி வியாபாரம் செய்கிறார், நன்றாகவே ஓடுகிறது. அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அத்தான், உந்தச் சம்பளத்தை நம்பி எத்தனை காலம் இருக்கப் போறீங்கள்? வாங்கோ, ரெண்டு பேருமாச் சேர்ந்து செய்வம்" என்கிறார். போட வேண்டிய மூலதனம் ஒன்றரைக் கோடி. வீட்டை ஈடு வைத்தால் வங்கி தரும். சரியாக ஓடினால் பத்து வருடத்தில் பல கோடி. மறுத்தால் இதே சம்பளம், ஐந்து மணிக்கு வேலை முடிந்து பிள்ளைகளோடு இதே பின்னேரம்.

முதலில் செல்வத்தின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். இந்த மாதிரிக் கட்டுரைகளில் அதற்கு நாலு வரிதான் கிடைக்கும். அது அநியாயம். "காசு என்ன காசு" என்று பேசுகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களிடம் காசு இருக்கும், இல்லாவிட்டால் கனடாவில் மகன் இருப்பான்.

கொழும்பில் காசு செய்யும் வேலை மிகத் தெளிவானது. இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. தேசிய வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். அது சாதாரண விஷயமில்லை, நம் நாட்டின் பெருமைகளில் ஒன்று. ஆனால் 2022இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது, வெளியே வாங்கிக் கொடுக்க முடிந்தவர்களும் முடியாதவர்களும் ஒரே வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில்தான் இருந்தார்கள். மகளை வெளிநாட்டில் படிக்க அனுப்புவதென்றால் தூதரகம் முதலில் பார்ப்பது வங்கிக் கூற்றைத்தான். மேலதிகாரி மரியாதை இல்லாமல் நடத்தினால் கடிதத்தை எழுதி மேசையில் வைத்துவிட்டு வரலாம். தங்கையின் மகளுக்குக் கல்யாணம் என்றால் கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தை அறிவியலும் சொல்கிறது. 2008இல் எலிசபெத் டன்னும் இரண்டு சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் சிலருக்குக் காசைக் கையில் கொடுத்து, பாதிப்பேரைத் தங்களுக்கும் பாதிப்பேரை மற்றவர்களுக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். பின்னேரத்தில் கேட்டபோது மற்றவர்களுக்குச் செலவழித்தவர்களே சந்தோசமாக இருந்தார்கள். கொடுத்த தொகை 5 டொலரா 20 டொலரா என்பதில் வித்தியாசம் இருக்கவில்லை. கொடுப்பதற்குக் கோடி தேவையில்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பதற்குக் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

லொத்தர் விழுந்தவர்கள் எல்லாம் நாசமாய்ப் போனார்கள் என்ற கதையும் முழு உண்மை இல்லை. 1978இல் பிரிக்மன் என்ற உளவியலாளர் குழுவினர் அமெரிக்காவின் இலினோய் மாநில லொத்தரில் வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டு, அவர்கள் அப்படியொன்றும் கூடுதலாக மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் இன்பம் குறைந்துகூடப் போயிருக்கிறது என்றார்கள். ஐம்பது வருடமாக எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். வெறும் 22 பேர். பிறகு சுவீடனில் மிகப் பெரிய அளவில் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பெரிய பரிசு விழுந்தவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை பற்றிய திருப்தி பத்து வருடம் கழிந்த பிறகும் உயர்ந்தே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியும் மனநலமும் மட்டும் அந்த அளவுக்கு உயரவில்லை. இது முக்கியமான வித்தியாசம். "உன் வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் பணக்காரர் நல்ல பதில் சொல்வார். "நேற்று எப்படி இருந்தது?" என்று கேட்டால் அவருடைய நேற்று நம்முடைய நேற்றைப் போலத்தான் இருந்திருக்கும்.

இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துக் காட்டியவர்கள் டானியல் கானமனும் அங்கஸ் டீட்டனும். 2010இல் வெளியான அவர்களுடைய ஆய்வில்தான் 75,000 டொலர் என்ற புகழ்பெற்ற எண் வருகிறது. அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வருடாந்த வருமானம் அந்த அளவைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார்கள். அதை ரூபாவுக்கு மாற்றி இங்கே கொண்டுவருவதில் அர்த்தம் இல்லை, அது அமெரிக்க விலைவாசிக்கான எண். 2021இல் மத்தியூ கிலிங்ஸ்வேர்த் என்ற ஆய்வாளர், 33,391 பேரிடம் கைத்தொலைபேசி மூலம் நாளின் வெவ்வேறு நேரங்களில் "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, அப்படி எந்த எல்லையும் தெரியவில்லை என்றார். அப்புறம் கானமனும் கிலிங்ஸ்வேர்த்தும் சண்டை போடாமல், இன்னொருவரை நடுவே வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து தரவுகளைப் பார்த்தார்கள். (நம் ஊர்ச் சங்கங்களில் இப்படி ஒன்றைக் கற்பனை செய்ய முடியுமா?) 2023இல் வந்த முடிவு: ஏற்கனவே மிகவும் மகிழ்ச்சி குறைந்திருக்கும் ஒரு பகுதியினருக்கு, ஏறத்தாழ ஒரு இலட்சம் டொலருக்கு மேல் காசு உதவுவதில்லை. மற்றவர்களுக்குக் காசு கூடக் கூட மகிழ்ச்சியும் கூடுகிறது.

அப்படியென்றால் மைத்துனரோடு போய்விட வேண்டியதுதானே? கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கூடுதல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வருமானம் இரட்டிப்பானால் மகிழ்ச்சி ஒரு படி ஏறுகிறது என்பதுதான் அதன் கணக்கு. நம் ஆள் இரண்டரை இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சத்துக்குப் போனால் ஒரு படி. ஐந்திலிருந்து பத்துக்குப் போனால் இன்னொரு படி, அதே உயரம். பத்திலிருந்து இருபதுக்குப் போனால் மூன்றாவது படி, அதுவும் அதே உயரம்தான். முதல் படிக்கு இரண்டரை இலட்சம் போதும். மூன்றாவது படிக்கு மாதம் பத்து இலட்சம் மேலதிகமாக உழைக்க வேண்டும். முதல் படியைச் சனிக்கிழமைகளில் வெளிவேலை செய்தும், மனைவி ட்யூஷன் கொடுத்தும்கூட ஒருவேளை எட்டிவிடலாம். மூன்றாவதற்கு வீடும் போக வேண்டும், பின்னேரங்களும் போக வேண்டும், நித்திரையும் போக வேண்டும். உயரம் ஒன்றே, விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

இன்னொன்று. மைத்துனர் தருவது செல்வம் இல்லை. செல்வம் வரக்கூடிய ஒரு வாய்ப்பை மட்டுமே அவர் தருகிறார். ஒன்றரைக் கோடி கடன், வட்டி 14 சதவீதம், பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஏறத்தாழ 2 இலட்சத்து 33 ஆயிரம் ரூபா கட்ட வேண்டும். அதாவது இன்றைய சம்பளம் கிட்டத்தட்ட முழுவதும். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். வட்டி மாறக்கூடிய கடனாக இருந்து, 2022இன் கடைசியில் போல 25 சதவீதத்துக்கு மேலே போனால் வட்டி மட்டுமே மூன்று இலட்சத்தைத் தாண்டும். வேலையை விட்டுப் புறக்கோட்டைக்கு வந்தவர் இன்னொன்றையும் இழக்கிறார், அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 சதவீதமும் கொம்பனி 12 சதவீதமும் கட்டுகின்றன. இரண்டரை இலட்சத்துக்கு அது மாதம் 50,000 ரூபா. 55 வயதில் ஆண்கள் அதை எடுக்கலாம். மிச்சமுள்ள 13 வருடத்துக்கு வட்டியே இல்லாமல் கணக்குப் பார்த்தாலும் 78 இலட்சம். அதோடு கொம்பனி தனியாகக் கட்டும் 3 சதவீத நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் இருக்கிறது. மாதா மாதம் கைக்கு வராததால் இது காசாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இறக்குமதி வியாபாரத்தின் நெஞ்சிடியையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா மட்டில் இருந்தது. மே மாதத்தில் 360. 200 ரூபாக் கணக்கில் விலை போட்டுச் சாமானை விற்றுவிட்டு, 360 ரூபாக் கணக்கில் வெளிநாட்டுக்காரனுக்குப் பில் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று பிரதான வீதியில் விசாரித்தால் தெரியும். களஞ்சியத்தில் சாமான் நிறைய வைத்திருந்தவர்கள் அதே இரண்டு மாதத்தில் நல்ல காசு உழைத்தார்கள். இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முன்னால் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்தது, வாகன இறக்குமதி 2020இல் நின்றது. ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும்.

சரி, கையில் வந்துவிட்ட செல்வமாவது நிலைக்குமா? இந்தக் கேள்வியைக் கொழும்புத் தமிழர்கள் வேறு யாரையும்விட நன்றாக அறிவார்கள். செட்டியார் தெருவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த நகரத்தார் ஒரு காலத்தில் இந்த நாட்டின் தோட்டங்களுக்கும் வியாபாரத்துக்கும் கடன் கொடுத்தவர்கள். 1930களின் மந்தத்தில் தேயிலையும் ரப்பரும் விழ, கொடுத்த கடனில் நிறையத் திரும்பி வரவில்லை. 1983 ஜூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகள் எரிந்தபோது, காலையில் கல்லாப்பெட்டியில் இருந்தவர்கள் இரவு பாடசாலை அகதி முகாமில் சீமெந்துத் தரையில் படுத்தார்கள். சினிமாஸ் லிமிட்டெட்டின் திரைப்படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் அந்தத் தீயில்தான் போனது. அப்புறம் 2006க்குப் பிந்திய வருடங்களில் தமிழ் வியாபாரிகள் கப்பத்துக்காகக் கடத்தப்பட்டார்கள். அந்த நாட்களில் புதுக் காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தப் பயந்தவர்கள் உண்டு. பணக்காரர் என்று தெரிவதே ஆபத்தாக இருந்த காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள்.

எரிக்காமலும் கடத்தாமலும்கூடச் செல்வம் கரையும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஒரு வருடத்தில் விலைவாசி 69.8 சதவீதம் ஏறியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் ஐந்தாறு சதவீத வட்டிக்குப் பத்து இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டவருக்கு, வட்டியோடு எடுத்தபோதும் பழைய விலையில் ஆறேகால் இலட்சத்துச் சாமான்தான் கிடைத்தது. வங்கி ஒன்று முறிந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் வரைதான். கோடிகளை வைத்திருப்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்: கொஞ்சம் தங்கம், கொஞ்சம் காணி, கொஞ்சம் திறைசேரி உண்டியல் (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரம்), கொஞ்சம் வெளிநாட்டில். காசைக் காப்பதே இன்னொரு உத்தியோகம்.

இனி மகிழ்ச்சியின் பக்கம்.

இந்தப் பக்கத்தில் உள்ள சிக்கல், மகிழ்ச்சியை நேராகத் தெரிவு செய்ய முடியாது என்பது. "இன்று முதல் மகிழ்ச்சியாக இருக்கப் போகிறேன்" என்று முடிவெடுத்தவர் வெள்ளிக்கிழமைக்குள் களைத்துவிடுவார். தெரிவு செய்யக்கூடியது வீடு எங்கே, வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, யாரோடு சாப்பிடுகிறோம், யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பவற்றைத்தான். 1938இல் தொடங்கி இன்னும் நடக்கும் ஹாவார்ட் ஆய்வு 724 ஆண்களை இளமையிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தது. இப்போது அவர்களுடைய பிள்ளைகளையும் பார்க்கிறது. 50 வயதில் நெருங்கிய உறவுகளில் திருப்தியாக இருந்தவர்களே 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பதுதான் அதன் பெரிய செய்தி. கொலஸ்ட்ரோல் அளவைவிட அது நன்றாக முன்கூட்டிக் காட்டியது. நம் 42 வயதுக்காரருக்கு அடுத்த பத்து வருடம் என்பது மூத்த மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை போகும் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தையும் அவர் புறக்கோட்டையில் இரவு எட்டு மணி வரை இருந்து செலவழித்தால், 52 வயதில் காசோடு திரும்பி வரும்போது வீட்டில் அவருக்குத் தெரியாத ஒரு இளம்பெண் இருப்பாள்.

வீடு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொழும்பில் மகிழ்ச்சியைக் கரைக்கும் முதல் காரணம் என்னைக் கேட்டால் பாதைதான். வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் காணி வாங்கும் காசுக்கு நகரத்துக்கு வெளியே பல பேர்ச் வாங்கலாம். முற்றம், ஒரு மாமரம், இரண்டு வாகனம் நிறுத்த இடம். யாழ்ப்பாணத்து வளவில் வளர்ந்தவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் காலையில் ஒன்றரை மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் காரில் இருக்க வேண்டும். ஸ்டுட்சர், பிரை என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜேர்மனியத் தரவுகளை வைத்து 2008இல் எழுதிய ஆய்வில் கண்டது: வேலைக்கு நீண்ட நேரம் பயணம் செய்கிறவர்களுக்கு அதற்கு ஈடாகக் கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருந்தாலும், மொத்தத்தில் அவர்களின் திருப்தி குறைவாகவே இருந்தது. பெரிய வீடு ஆறு மாதத்தில் பழகிவிடும். ட்ராபிக் பழகுவதே இல்லை, ஏனென்றால் அது தினமும் புதிதாக எரிச்சல் தரும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் லிப்ட் வேலை செய்யாது, பக்கத்து வீட்டு மிக்ஸியின் சத்தம் கேட்கும், எல்லாம் உண்மை. ஆனால் கீழே இறங்கினால் கடை, கோயில், தமிழ்ச் சங்கத்து நூலகம், மரீன் டிரைவில் நடக்கும்போது எதிரே வரும் பத்துத் தெரிந்த முகங்கள். இதற்கு யாரும் விலை போட்டு விற்பதில்லை என்பதால் இதை நாம் சொத்தாக எண்ணுவதில்லை.

வெளிநாடு போவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்குரியது. தனியாக வளைகுடா போனால் காசு சேரும், குடும்பம் போனில் வளரும். குடும்பமாகக் கனடா போனால் குடும்பம் சேர்ந்திருக்கும், வீட்டுக் கடன் இரண்டு பேரையும் இரண்டு வேலை செய்ய வைக்கும். இங்கே கடனில்லாத வீட்டோடு இருக்கும் 42 வயதுக்காரருக்கு இரண்டுமே நட்டம் என்பது என் கருத்து. 25 வயதுக்காரருக்கு அப்படி இல்லை.

மகிழ்ச்சியின் பக்கம் நிற்பவர்கள் மறைக்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. "போதும் என்ற மனம்" என்று பேசி, சேமிப்பு எதுவும் இல்லாமல் இருப்பவரின் நிம்மதி, வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகும் வரைக்கும்தான். அதன் பிறகு அடைவு கடை, சீட்டுக் காசு, உறவினருக்குப் போன். அந்தக் கவலையைத் தியானத்தால் தீர்க்க முடியாது. கிலிங்ஸ்வேர்த்தின் படிக்கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. கீழ்ப்படிகளில் ஏற ஆகும் காசு மிகக் குறைவு, அங்கே நிற்பவர் காசைத் தேடுவதுதான் அறிவு. மாதம் 60,000 ரூபாவில் குடும்பம் நடத்துபவரிடம் போய் மகிழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர் அவருக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுப்பது மேல்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது நம் பழைய ஆட்கள் சொன்ன ஒன்று புதிதாகப் புரிகிறது: "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்." கோறணமேந்து என்றால் அரசாங்கம். இளவயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். உயர ஆசைப்படாத யாழ்ப்பாணத்துப் புத்தி என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லில் செல்வமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. மாதக் கடைசியில் சம்பளம், முடிவில் ஓய்வூதியம், நடுவில் யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை. நம் ஆட்கள் தேடியது பயம் இல்லாத நாளை. செல்வம் பயத்தைப் போக்கும் அளவுக்கு விரும்பத்தக்கது. அந்த அளவைத் தாண்டினால் அதுவே புதுப் பயங்களைக் கொண்டுவருகிறது. உத்தியோகத்துக்கும் ஒரு குறை உண்டு. 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கதவும் தமிழருக்கு ஒடுங்கிப் போனது. பலர் வியாபாரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போனது ஆசையால் மட்டும் இல்லை.

அதனால் நம் கணக்காளர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்தக் காசு எந்தப் பயத்தைத் தீர்க்கப் போகிறது என்பதைத்தான். நேர்மையாகப் பதில் சொன்னால் இரண்டு பெண் பிள்ளைகளின் சீதனம் என்று வரும். நம் வீடுகளில் பெருஞ்செல்வ ஆசை என்று தெரிவதில் பாதி இந்தப் பயம்தான். வெள்ளவத்தையில் ஒரு ப்ளாட் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்களே என்று நினைத்து, பிள்ளைகளுக்குப் பத்தும் பன்னிரண்டும் வயதாக இருக்கும்போதே அப்பா இரவு வேலைக்குப் போகிறார். அந்தக் காசைப் பிள்ளைகளின் படிப்பில் போட்டுவிட்டு, சீதனம் கேட்கும் வீட்டுக்கு "வேண்டாம்" என்று சொல்லத் துணிந்தால் தேவையான தொகை பாதியாகக் குறைகிறது. இதில் நான் நடுநிலை இல்லை.

முடிவு யாருடையது என்பதும் இருக்கிறது. வியாபாரத்தில் போவது அவர். பத்து வருடம் பிள்ளைகளின் வகுப்புக்கும் மாமியாரின் மருந்துக்கும் தனியாக ஓடப்போவது மனைவி. அவரோ காலையிலிருந்து பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வருகிறவர். செல்வத்தின் பலன் இரண்டு பேருக்கும், அதன் விலையில் பெரும்பங்கு ஒருவருக்கு என்றால் அவருடைய வாக்கே முதலில் எண்ணப்பட வேண்டும். தம்பியின் வியாபாரம் என்பதால் அவர் "வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படலாம். தம்பி இல்லாத நேரம் கேட்க வேண்டும். இன்னொரு விதத்திலும் அவர் முக்கியம்: ஆசிரியைக்கு ஓய்வூதியம் உண்டு. ஒருவருக்கு நிச்சயமான வருமானம் இருக்கும் வீட்டில் மற்றவர் கொஞ்சம் துணியலாம். கொஞ்சம் என்றால் வீட்டுறுதியைத் தொடாமல்.

என்னைக் கேட்டால் அவர் ஈடு வைக்கக் கூடாது. கடனில்லாத வீடுதான் அவரிடம் உள்ள நிம்மதியின் பெரும்பகுதி. அதைக் கொடுத்து வாங்கும் எதுவும் அதைவிடப் பெரியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு வருடக் குடும்பச் செலவைத் தனியாக வைத்துவிட்டு, சேமிப்பில் மிஞ்சுவதில் போனாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை மைத்துனரின் வியாபாரத்தில் பங்காகப் போடலாம். வேலையை விட வேண்டாம். சனிக்கிழமை அரைநாள் கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்துக் கொடுக்கட்டும்; கணக்காளரின் அரைநாள் அந்தக் கடைக்கு ஒன்றரைக் கோடியைவிட உபயோகமாக இருக்கவும் கூடும். பல கோடி வராது. வாழ்க்கை ஒரு படி ஏறும், பின்னேரங்கள் போகாது. இதே ஆள் 28 வயதில், கல்யாணமாகாமல், வாடகை அறையில் இருந்தால் என் பதில் வேறு: வேலையை விட்டுவிட்டுப் போகலாம். விழுந்தாலும் எழுந்து நிற்க வருடங்கள் இருக்கின்றன. 42இல் விழுந்தால் கூடவே விழ மூன்று பேர் இருக்கிறார்கள்.

பங்காகப் போடுவதென்றால் எழுத்தில் போட வேண்டும். "அத்தான், எங்களுக்குள்ள என்னத்துக்குப் பேப்பர்?" என்று மைத்துனர் கேட்பார். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டும் பங்குடைமை எழுத்தில் கையொப்பமிட்டு இருந்தால்தான் வழக்குமன்றத்தில் செல்லும். யார் எவ்வளவு போட்டது, இலாபம் எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் எத்தனை மாதத்தில் காசு திரும்ப வரும், ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு யாருக்கு என்ற நாலு விஷயமாவது அதில் இருக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். மனைவியும் கூட இருந்து வாசித்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.